மேட்டு வீட்டின் வழியாக

இணையக் கேபிள் கம்பெனியின் கடைசிக் கம்பம் பால் சேகரிப்பு நிலையத்தோடு நின்றுவிட்டது. அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அவள் போன் செய்து விசாரித்தபோது கம்பெனிப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். அந்தச் சாலையில் நாற்பது வீடுகள் சேர்ந்து விண்ணப்பித்தால் கம்பி இழுப்பதைப் பற்றி யோசிப்பார்களாம். அந்தச் சாலையில் இருந்ததே பதினோரு வீடுகள்.

"ஒவ்வொரு வீட்டுக்காரரும் நாலு தடவை கையெழுத்துப் போட்டா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டாள். மறுமுனையில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போனால் அங்கே ஒரு திரையில் அவள் முகம் தோன்றும். அவர்கள் கையால் சொல்வதை அவள் வாயால் சொல்வாள். எதிரில் இருப்பவர் வாயால் சொல்வதைக் கையால் சொல்வாள். அவளுடைய தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே அவளுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. நகரத்தில் இருந்தவரை இணையம் என்பது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது மாதிரி. நாற்றங்கால் போடுவதற்காகக் கணவன் தன் பங்கு நிலத்துக்கே திரும்பியபோது, "வீட்டிலிருந்து செய்யற வேலைதானே, எந்த வீடா இருந்தா என்ன" என்று அவள்தான் சொன்னாள். ஏழு மாதமாக அந்தச் சொல்லை மென்று கொண்டிருந்தாள்.

முதலில் போனை வைத்துப் பார்த்தார்கள். மாடிப்படி ஜன்னலில் மட்டும் இரண்டு கோடு சிக்னல் வந்தது. பிறகு சிம் போடும் ஒரு பெட்டியை வாங்கி, அதன் ஆன்டெனாவை இரும்புக் குழாயில் கட்டிக் கூரைமேல் நட்டான் கணவன். காலையில் நன்றாகவே ஓடியது. பள்ளி விட்டுப் பிள்ளைகளும் வேலை விட்டுப் பெரியவர்களும் வீடு சேர்ந்தால், சுற்றுவட்டாரம் முழுக்க அந்த ஒரே டவரைப் பிடித்து இழுக்கும். படம் கட்டம் கட்டமாக உடையும். குரல் விட்டு விட்டு வந்தால் காது எப்படியோ ஒப்பேற்றிக்கொள்ளும். கை விட்டு விட்டு வந்தால் அதில் ஒன்றுமே மிஞ்சாது.

கோழிப்பண்ணைக்காரர் வீட்டில் பழைய வகை சாட்டிலைட் இணைப்பு இருந்தது. ஒரு மத்தியானம் அங்கே போய்த் தங்கையை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தாள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் எல்லாமே ஒரு மூச்சு தாமதம். இருவர் கையும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே நேரத்தில் நின்றது, மறுபடி ஒன்றாக எழுந்தது. 'வாசலில் எதிரும் புதிருமாய் மாட்டிக்கொண்ட ரெண்டு குண்டு ஆளுங்க மாதிரி இருக்கோம்' என்று தங்கை கையாலேயே கேலி செய்தாள். தாமதமில்லாத புதுவகை சாட்டிலைட்டுக்குப் பெயர் பதிந்தாள். இந்தப் பக்கத்துக்குச் சாதனம் வர ஐந்து மாதம் ஆகும் என்று பதில் வந்தது.

அந்த ஐந்து மாதத்துக்குள்தான் அது நடந்தது.

சாயங்காலம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. நோயாளி ஒரு தையல்காரர், அறுபது வயதிருக்கும். காலில் ஆழமான வெட்டு. ஊசி போடும் முன் டாக்டர் கேட்டார்: இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா? அவள் கேள்வியைக் கையால் கேட்டாள். தையல்காரர் கையைத் தூக்கினார். படம் அப்படியே உறைந்தது. மறுபடி அசைந்தபோது அவர் கைகள் மடியில் இருந்தன.

"சரிங்கிறாரா?" என்றார் டாக்டர்.

"நான் பார்க்கல டாக்டர். ஊசி போடாதீங்க. இன்னொரு தடவை கேக்கணும்."

"தலையாட்டின மாதிரி இருந்துச்சே?"

"எப்படி ஆட்டினார்னு எனக்குத் தெரியல. தயவுசெய்து..."

அதோடு அழைப்பு அறுந்தது. அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். திரும்ப இணைப்பதற்குப் பதினேழு நிமிடம் பிடித்தது. அதற்குள் ஒரு நர்ஸ் தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தார். 'அந்த மருந்து போட்டால் முகம் வீங்கி மூச்சு அடைக்கும்' என்று தையல்காரர் எழுதியிருந்தார். வேறு மருந்து கொடுத்தார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் மேற்பார்வையாளர் பேசினார். "ஒரு மாசத்துல இது மூணாவது. உங்க கையில குறை இல்லைம்மா, லைன்ல குறை. ஆனா லைன் உங்க வீட்டுலதானே இருக்கு? இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா நகரத்துக்கு வந்து ஆபீஸ்ல உக்காந்துதான் செய்யணும்." நகரம் பஸ்ஸில் ஐந்து மணி நேரம்.

பக்கத்து டவுனில் ரேடியோ அலை மூலம் இணைப்பு கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருப்பதைப் பால்வண்டிக்காரர்தான் சொன்னார். அங்கிருந்து வந்தவரை எல்லோரும் ஏணிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவர் வேனைவிட வேன் மேல் கட்டியிருந்த ஏணி நீளம். கூரைமேல் ஏறி, கழுத்தில் தொங்கிய பைனாகுலரை எடுத்து நாலு பக்கமும் பார்த்தார்.

"எங்க டவர் குன்றுமேல இருக்கு. அதைக் கண்ணால பாக்க முடிஞ்சா இணைப்பு உண்டு. உங்க வீடு பள்ளத்துல இருக்கு, தெரியல" என்றார். பிறகு கையை நீட்டினார். "ஆனா அதோ அந்த மேட்டு வீட்டு மொட்டைமாடியிலேருந்து நல்லாத் தெரியும். அங்க ஒரு டிஷ் வெச்சு வாங்கி, அங்கேருந்து உங்களுக்கு இன்னொரு சின்ன டிஷ்ல அனுப்பலாம். நானூறு மீட்டர்கூட இருக்காது. யார் வீடு அது?"

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் வானத்தைப் பார்த்தான்.

அது அவன் அண்ணன் வீடு. இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது. எல்லையில் தம்பி பக்கம் ஒரு பெரிய மரம். அதன் வேர் அண்ணனுடைய எல்லைச் சுவரைப் பிளந்தது. தம்பி நகரத்திலிருந்து ஒருமுறை வந்திருந்தபோது வெட்டச் சொன்னார் அண்ணன். நிழல் போய்விடும் என்றான் தம்பி. வார்த்தை தடித்தது. மரமும் நின்றது, பேச்சும் நின்றது. வழியில் எதிர்ப்பட்டால் இருவருக்கும் திடீரென்று வானத்தில் ஏதோ தெரியும்.

"நான் அங்க போய் நிக்க மாட்டேன்" என்றான் கணவன்.

"நீங்க நிக்க வேணாம். நான் நிக்கறேன்."

காலையில் அவள் மேடேறிப் போனாள். கணவனின் அண்ணன் பம்ப் மெக்கானிக். கொட்டகையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் "வாம்மா" என்றார். தம்பியோடு பேசாவிட்டாலும் அவளோடு அவருக்குச் சண்டை இல்லை. அவள் சுற்றி வளைக்கவில்லை. தையல்காரர் கதையை முதலிலிருந்து சொன்னாள்.

அவர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தபடியே கேட்டார். "உன் லைன் போனதால ஒரு உயிர் போயிருக்கும்னு சொல்ற."

"போயிருக்கலாம் மாமா."

"அதை ஏன் அவன் வந்து சொல்லல?"

வாசலில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஓரகத்தி நிமிர்ந்தாள். "அவர் வரமாட்டார்னு உங்களுக்குத் தெரியும், நீங்க போகமாட்டீங்கன்னு அவருக்குத் தெரியும். நடுவுல இவ என்ன பண்ணுவா? ஏணிக்காரரை வரச் சொல்லும்மா, மாடிக்கு வழி நான் காட்டறேன்."

"அக்கா, அவர்..."

"அவர் மோட்டாரைப் பாக்கட்டும். மாடி துடைக்கறது நான்தானே?"

அண்ணன் மறுபடி மோட்டார்மேல் குனிந்தார். ஆனால் ஏணிக்காரர் வந்த அன்று கொட்டகையை விட்டு எழுந்து அவரும் மாடிக்கு வந்தார். பைனாகுலரை வாங்கித் தம்பி வீட்டுப் பக்கம் பார்த்தார். பார்த்தவர் உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன சார்?" என்றார் ஏணிக்காரர்.

"நீங்களே பாருங்க."

இரண்டு கூரைகளுக்கும் நடுவே நேர்கோட்டில், அந்த மரம்.

"இலைதானே, அலை ஊடுருவிப் போகாதா?" என்று அவள் கேட்டாள்.

"வெயில்ல போகும். மழை பெஞ்சு இலை ஈரமானா மக்கர் பண்ணும். நாலு கிளை போனா போதும், மரம் இருக்கலாம்."

செய்தியைக் கீழே கொண்டு வந்தவள் அவள்தான். கணவன் வெகுநேரம் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டே இருந்தான். "எந்த நாலு?" என்று கடைசியில் கேட்டான்.

சனிக்கிழமை காலை அவன் ரம்பத்தோடு மரத்தில் ஏறினான். மேட்டு மாடியிலிருந்து எந்தக் கிளை என்று சைகை காட்ட ஏணிக்காரருக்கு வரவில்லை. அவர் கையை ஆட்டியது விமானத்தை இறக்குவது மாதிரி இருந்தது. அண்ணனால் பொறுக்க முடியவில்லை. ஆறு வருடத்தில் முதல்முறையாக அவர் குரல் பள்ளத்துக்கு வந்தது.

"டேய், அது இல்லடா! உன் இடது பக்கம்! இடது எதுன்னுகூட மறந்துட்டியா?"

மரத்தின் மேல் ரம்பம் நின்றது.

"இதுவா?"

"அதுதான். அதை அடியோட எடு. ஏண்டா, அன்னிக்கு நான் சொன்னப்போ மட்டும் உனக்கு ரம்பம் கிடைக்கலையா?"

"அன்னிக்கு நீ மரத்தையே கேட்டே!" என்று கத்தினான் தம்பி. "இப்போ கிளையைத்தானே கேக்கறாங்க!"

"சரி, வாயை மூடிட்டு அறு. காலைப் பாத்து வை."

நாலாவது கிளை விழுந்தபோது பத்தரை மணி. சாயங்காலத்துக்குள் இரண்டு டிஷ்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவள் முதலில் தங்கையைக் கூப்பிட்டாள். அரைமணி நேரம் படம் ஒருமுறைகூட உறையவில்லை. தங்கை விரல்களை மடக்கி, வேண்டுமென்றே வேகவேகமாக ஒரு நீளமான வசவைப் பொழிந்தாள். ஒரு விரல்கூடத் தவறாமல் அத்தனையும் வந்து சேர்ந்தது. மேற்பார்வையாளரின் பட்டியலில், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வரிசையிலேயே அக்காவின் பெயர் நின்றது. மழை பலமாக அடித்தால் மட்டும் சற்றுத் திணறும். அதற்காகக் கூரைமேல் இருந்த பழைய சிம் ஆன்டெனாவையும் கழற்றாமல் வைத்திருக்கிறாள். சொல்லியிருந்த ஐந்து மாதம் முடிந்து சாட்டிலைட் கம்பெனியிலிருந்து அழைத்தபோது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. மேட்டு வீட்டில் மின்சாரம் போனால் டிஷ்ஷும் படுத்துவிடும். அப்போதெல்லாம் அண்ணன் தம்பிக்குப் போன் செய்வார். "கரண்ட் போச்சு. பேட்டரியில மாட்டிட்டேன். அவகிட்ட சொல்லு." "சரி." அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் மின்சாரம் போகாமலே ஒரு போன் வந்தது. உங்க வீட்டு மோட்டார் சத்தம் போடுகிறதாமே, கொண்டுவந்து காட்டு என்றார்.

"உனக்கு யார் சொன்னது?" என்று தம்பி கேட்டான்.

"இங்க வரைக்கும் கேக்குதுடா" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.