முதிரை மரத்தடியில் சங்கிலியின் கல்

கட்டாருக்குப் போய் ஒன்பது மாதமான பிறகும் சங்கிலி பூவரசங்குளத்துக்கு அப்பாலிருந்த கல்குவாரியில் நாளுக்குப் பதினாறு துளை போட்டுக்கொண்டிருந்தான். காலை ஏழரைக்குத் துளையிடும் மெசின் தானாக எழுந்து பாறையில் ஏறும். ஒவ்வொரு துளை முடிந்ததும் இரும்பு பாறையை இரண்டு தரம் தட்டும். அது சங்கிலியின் பழக்கம். பத்து மணிக்கு மெசின் நிற்கும். பக்கத்தில் வைத்த, பால் விடாத பிளேன்ரீக் கோப்பை வெறுமையாகும். துளைகள் எல்லாம் நூல் பிடித்ததுபோல நேராக இருந்தன.

அந்தக் காலத்தில் குவாரிக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொருளாதார நெருக்கடி வந்த வருசத்துக்குப் பிறகு வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிளேன் ஏறிவிட்டார்கள். மனேஜர் பாலன் வவுனியாச் சந்தியெல்லாம் விளம்பரம் ஒட்டினார். எட்டு மாதத்தில் வந்தவர்கள் ஒரு ஓட்டோக்காரரும் ஒரு சலூன்காரரும்தான். பயிற்சி நிலையத்துச் சான்றிதழோடு வந்த அந்த இருவருக்கும் பாறை எந்தப் பக்கம் பிளக்கும் என்று தெரியாது. அப்படியிருக்க, ஊரில் இல்லாதவன் வந்து வேலை செய்தால் யார்தான் சந்தேகப்படமாட்டார்கள்? சங்கிலியின் மனைவி பிரேமிளா புருசனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஊர் கதைத்தது. கொடியில் அவன் உடுத்த சாரம் காய்கிறதா என்று பார்ப்பதற்கென்றே சிலர் அவளுடைய வேலியோரமாக நடந்தார்கள். பொலிஸ் வந்து வீசாக் கொப்பியைப் பார்த்துவிட்டுப் போனது. வெடி வைக்கும் அப்புத்துரை ஏதோ செய்வினை செய்திருக்கிறார் என்று பாலன் முதலில் நினைத்தார். கல் நன்றாக உடைந்ததும் நினைப்பதை விட்டுவிட்டார்.

காரணம் அப்புத்துரைக்குத் தெரியும். அந்தக் குவாரியில் வெடி கொளுத்துமுன் ஆளுக்கொரு கல்லை முதிரை மரத்தடியில் வைப்பார்கள். வெடித்து முடிந்ததும் அவரவர் கல்லை எடுத்து எறிவார்கள். ஒரு கல் மிஞ்சினால் ஒரு ஆள் பாறைக்குள். ஒருவர் கல்லை மற்றவர் தொடுவதில்லை. ஒரு தரம் பாறை சரிந்து ஒரு தொழிலாளி செத்தபோது அவன் மனைவி மீனம்மாதான் வந்து கல்லை எடுத்தாள். சங்கிலியின் கடைசி நாளில், வெடிக்குக் காத்திருந்த நேரம் பார்த்து எயார்போட் வான் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. பின்னேரம் ஒரு கல் மிஞ்சியது. அப்புத்துரை பதறி ஆட்களை எண்ணினார். பிறகு யோசித்துப் பார்த்து, அது சங்கிலியின் கல் என்று சிரித்தார். மற்றவன் கல் என்பதால் அப்படியே விட்டார்கள். மறுநாள் மெசின் தானாக எழும்பியது.

இதைக் கேள்விப்பட்ட பாலன் அந்தக் கல்லைச் சுற்றி முள்ளுக்கம்பி அடித்தார், கமராவும் பூட்டினார். அடுத்து வெளிநாடு போகவிருந்தவரிடம், "போகேக்கை ஒரு கல்லை வைச்சிட்டுப் போங்கோ" என்று தேன் மாதிரிச் சொன்னார். அந்தத் தேன்தான் பிரேமிளாவின் காதுக்கு வந்ததும் கசந்தது. கட்டாரிலிருந்து அவளுக்கு வேறு சேதி வந்துகொண்டிருந்தது. சங்கிலிக்கு அங்கேயும் துளையிடும் வேலைதான், ஆனால் ஒரு துளையும் நேராக விழவில்லை. சான்றிதழ் பொய் என்று அங்கே அவனைச் சந்தேகித்தார்கள். இரும்பு வழுக்கிக் கால்விரல் இரண்டு உடைந்திருந்தது.

"கை சொல்வழி கேக்குதில்லை பிரேமிளா" என்றான் போனில். "சனிக்கிழமை என்னை மேல் பாறையிலை ஏத்தப் போறாங்களாம். இந்தக் கையோடை ஏறினால் நான் விழுவன்."

"கடைசி நாள் உங்கடை கல்லை எடுத்தனீங்களோ?"

"வான்காரன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிண்டான்" என்றான்.

சனிக்கிழமை காலை பிரேமிளா குவாரிக்குப் போனாள். மெசின் அன்றைக்குப் பதினோராவது துளையைப் போட்டுக்கொண்டிருந்தது. பாலன் வழி மறித்தார். அது கொம்பனிச் சொத்து என்றார், முதலாளியைக் கேட்கவேண்டும் என்றார். அவள் சட்டை செய்யாமல் கம்பியை விலக்கினாள், முள்ளுக் கீறி முழங்கையில் இரத்தம் வந்தது. அப்புத்துரை ஓடிவந்தார்.

"பிள்ளை, தொடாதை. நீ எடுத்தால் அவன் செத்தான் எண்டு ஆகும்."

பிரேமிளாவுக்குப் பயமாக இருந்தது. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம் என்றே அவளும் நினைத்தாள்.

"செத்தால் நான்தானே வந்து எடுக்கோணும்" என்றாள். "உயிரோடை இருக்கேக்கை எடுத்தால் என்ன?"

எடுத்தாள். மெசின் பாறையை இரண்டு தரம் தட்டிவிட்டுப் பக்கவாட்டில் படுத்தது.

சங்கிலியின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது, அவன் எடுக்கவில்லை. அவள் கல்லைப் பொத்திக்கொண்டு மரத்தடியில் இருந்தாள். தொழிலாளர்கள் அவளைப் பார்க்காமல் வேலை செய்தார்கள். புருசனைக் கொன்றுவிட்டாள் என்று அவர்கள் நினைப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் எடுத்தான்.

"மேல் பாறையிலை நிண்டனான், போன் கீழை" என்றான். "இண்டைக்கு அஞ்சு துளைதான் அடிச்சனான். பிறகு கை போதும் எண்டுது. ஆனால் அஞ்சும் நேர்."

இங்கே பதினொன்று, அங்கே ஐந்து: பதினாறு. பிரேமிளா விம்மி அழுதாள். பிறகு எல்லாரும் செய்வதுபோலக் கல்லை ரோட்டோரம் எறிந்துவிட்டு பஸ் ஏறினாள்.

மெசின் பிறகு எழும்பவில்லை. பாலன் மறுபடி வவுனியாவில் விளம்பரம் ஒட்டினார். முள்ளுக்கம்பியைக் கழற்றவில்லை, கமராவும் அப்படியே இருக்கிறது. இப்போது அந்தக் குவாரியில் ஆட்கள் பிளேன்ரீ குடிக்கப் போனாலும் தங்கள் கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள்.