நிக்கல் வலையில் ஒரு துளி

மாதிரியை மாப்பிள்ளை தானே பொட்டளவு உலோக வலையில் தடவி எடுத்து வந்தபோதுதான் ஆபரேட்டருக்கு முதல் சந்தேகம் தட்டியது. வழக்கமாகத் தூளைச் சீசாவோடு கொடுத்துவிட்டு, "பாத்துச் செய்ங்க மச்சான்" என்று டீ குடிக்கப் போய்விடுகிற ஆள். இன்று எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

செரியம் ஆக்ஸைடு தூளின் மேல் செம்பு அணுக்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, ஆலைப் புகையின் விஷத்தை முறிக்கும் வினையூக்கி செய்துவிட்டதாக மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கையில் ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டால் மாப்பிள்ளைக்கு ஆலையில் வேலை நிரந்தரம். பொய்யென்று பின்னால் தெரிந்தால், கையெழுத்துப் போட்டவனுக்கு வேலை போய்விடும்.

திரையில் செரியம் அணுக்கள் வெள்ளைப் புள்ளிகளாக வரிசைகட்டின. செம்பு லேசான அணு. அந்த வெளிச்சத்தில் கண்ணில் படாது. எக்ஸ்ரே வரைபடத்தில் ஒவ்வொரு உலோகத்துக்கும் அதனதன் இடத்தில் எழும் மேடுதான் சாட்சி. மேடு ஜோராகவே எழுந்தது.

"பாத்தீங்களா மச்சான், செம்பு."

"பாத்தேன். வலை எதுல செஞ்சது?"

"வழக்கமா வாங்குறதுதான்."

"அதுவும் செம்புதானே மாப்பிள்ளை. இது தூள்லேர்ந்து வருதா, வலைலேர்ந்து வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்? தூளைக் குடுங்க. நிக்கல் வலைல ஒரு துளி விட்டுப் பாத்துடலாம்."

"தூளு தீந்துபோச்சு."

மாப்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து சீசாவின் மூடி எட்டிப் பார்த்தது.

"அப்ப இது என்ன?"

"அது... பழைய தூளு. தங்கச்சி வீட்டுக்காரனை நம்ப மாட்டீங்களா?"

"தங்கச்சியை நம்புறேன். வரைபடத்துல அவ இல்லையே."

நிக்கல் என்றதும் இவர் முகம் ஏன் வெளுத்தது? ஏற்கெனவே நிக்கலில் வைத்துப் பார்த்துவிட்டாரோ? செவ்வாய்க்கிழமை ஆபரேட்டர் விடுப்பு. அன்று அறைச் சாவி மாப்பிள்ளையிடம் இருந்தது.

கம்ப்யூட்டர் தானாக எடுத்து வைக்கும் நகல்களை ஆபரேட்டர் திறந்தார். செவ்வாய், மாலை நாலு மணி. நிக்கல் மேடு நெட்டுக்குத்தாக நின்றது. செம்பு இருக்க வேண்டிய இடம் துடைத்த பலகையாகக் கிடந்தது.

"அசல் படத்தை அழிச்சிட்டீங்க. இந்தக் கம்ப்யூட்டரும் என்னை மாதிரி சந்தேகப் பிராணி மாப்பிள்ளை, எதுக்கும் ஒரு நகல் வச்சுக்கும்."

மாப்பிள்ளை எழுந்தார். "உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க."

"சொல்லிக்கிறேன். சீசாவை வச்சிட்டுப் போங்க."

"அதான் பாத்துட்டீங்களே, இன்னும் எதுக்கு?"

ஆபரேட்டர் பேனாவை மூடி வைத்தார். புது நிக்கல் வலை ஒன்றை இடுக்கியால் எடுத்தார்.

"செவ்வாக்கிழமை படத்தை எடுத்தது யாரு? நீங்கதானே. அதையும் நான் முழுசா நம்பல."