மொட்டையின் பங்கு

1

இந்தக் கதை எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகளாக வந்தது. முதலில் கூப்பிட்டவள் என் தங்கை. அடுத்துக் கூப்பிட்டவன் அவள் மகன். இருவரும் அப்போது வெளிநாட்டில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஒருவர் என்னிடம் பேசியது மற்றவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சை ஆரம்பித்த விதம் மட்டும் ஒன்றுபோல இருந்தது.

"அக்கா, இதை நீ எழுதிடாத" என்றாள் அவள்.

"பெரியம்மா, இதைக் கதையாக்கிடாதீங்க" என்றான் அவன்.

கதை எழுதுகிறவளிடம் எழுதாதே என்று சொல்பவர்களுக்கு அவளைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம். அல்லது ரொம்ப நன்றாகத் தெரியும் என்று அர்த்தம். இதில் எது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. என் குழப்பத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். போகப் போகத் தெளியும் என்று நம்பி யாரும் காத்திருக்க வேண்டாம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நாற்பத்தாறு வயதில் அவள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கல்லூரி வாசலில்...

அடித்துவிட்டேன். இந்த வாக்கியம் முடிவதற்குள் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடும். என் தங்கை அந்த ரகம் இல்லை.

அப்புறம் இப்படி:

பெற்ற தாயே பக்கத்து பெஞ்சில் வந்து உட்காருவாள் என்று அவன் கனவிலும்...

இதில் பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்கிறது. இதுவும் போகட்டும்.

விஷயத்தை நேராகவே சொல்கிறேன். தங்கை ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். மேலாளர் நாற்காலி காலியாகும் ஒவ்வொரு தடவையும் "டிகிரி இல்லையேம்மா" என்று வேறு யாரையாவது உட்கார வைப்பார்கள். உட்கார்ந்தவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது இவள் வேலை. ஒரு நாள் வெறுத்துப்போய் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பில் வார இறுதி வகுப்புக்குச் சேர்ந்துவிட்டாள். அதே வருடம், அதே கல்லூரியில், அதே படிப்பின் பகல் வகுப்பில் அவள் மகனும் சேர்ந்தான். அவனுக்கு வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை.

அந்தப் படிப்பில் ஓர் ஏற்பாடு உண்டு. முன் வருடங்களை இங்கே முடித்துவிட்டு, கடைசி வருடத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். பட்டம் அங்கிருந்தே கிடைக்கும். மகனை மட்டும் அனுப்புவதாகத்தான் பேச்சு இருந்தது. தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எல்லாமே ஒன்று மேலே போகும், இல்லை கீழே வரும் என்று நினைப்பவர். அவர்தான் முடிவு கட்டினார்: "ரெண்டு பேருமே போங்க. ஒரு ரூம், ஒரு அடுப்பு, ரெண்டு டிகிரி."

(இந்த வாக்கியம் என்னுடையது அல்ல. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.)

மகனுக்கு வீட்டில் மொட்டை என்று பெயர். சிறுவயதில் பேன் தொல்லை தாங்காமல் அடித்த மொட்டை. இப்போது தோள்வரை முடி வளர்ந்துவிட்டது. பெயர் அப்படியே நிற்கிறது.

3

துணி துவைக்கும் கடைக்கு மேல்மாடியில் அறை. கீழே இயந்திரங்கள் சுற்றும்போது தரை லேசாக அதிரும். மேசைமேல் வைத்த பேனா தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அறைக்குக் குறுக்கே கம்பி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் பக்கம் மகனுக்கு, அடுப்புப் பக்கம் அம்மாவுக்கு. (போர்வை யாருடைய யோசனை என்று கேட்டேன். இருவருமே "நான்தான்" என்றார்கள்.)

முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்கிற மாதிரி இருந்தா கோச்சுக்குவேன். சொல்லு."

"நீ என் அம்மான்னு அங்க யாருக்கும் தெரிய வேண்டாமே."

"பின்ன யாருன்னு சொல்றது?"

"எதுவும் சொல்லாத. ஒரே ஊருன்னு நினைச்சுட்டுப் போகட்டும்."

தங்கை சரி என்றுவிட்டாள். மனம் நொந்திருப்பாள் என்று நினைத்து நான் ஒரு பத்தி எழுதினேன். எழுதியதைச் சொல்லாமல், நொந்துபோனாயா என்று மட்டும் அவளிடம் கேட்டபோது "போடி" என்றாள். "எனக்கும் ஒரு வருஷம் யாருக்கும் அம்மாவா இல்லாம இருந்து பார்க்கலாம்னு தோணிச்சு." பத்தியைக் கிழித்துப் போட்டேன்.

பேருந்தில் அவள் முன்பக்கம் உட்காருவாள், அவன் பின்பக்கம். அவன் தூங்கிவிட்டால், இறங்குமிடம் வரும்போது பஸ் முழுக்கக் கேட்கும்படி இருமுவாள். யாருக்கும் அம்மாவாக இல்லாத அந்த வருடத்தில் அவளுக்குத் தீராத இருமல் என்று வகுப்பில் பேச்சு.

(முகவரியைப் பார்த்தாலே தெரிந்திருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "அங்க யாரும் யாரையும் அவ்வளவு உத்துப் பார்க்கிறதில்லை அக்கா" என்றாள். அதை நிம்மதியாகச் சொன்னாளா, வருத்தமாகவா என்று தெரியவில்லை.)

4

கடைசிப் பருவத்தில் குழுவாகச் செய்யும் ஒரு வேலை உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. நான்கு நான்கு பேராகக் கம்ப்யூட்டர் பிரித்தது. அம்மாவையும் மகனையும் ஒரே குழுவில் போட்டது.

மற்ற இருவரில் ஒருத்தி எப்போதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பவள். இன்னொருவன் கதவில் குனிந்து நுழையும் நெட்டையன். இவர்கள் போதும், குழுவில் வேறு யாரும் இல்லை.

ஒரு பல் மருத்துவமனைக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அங்கே நேரம் குறித்துவிட்டுப் பலர் வருவதே இல்லை. மருத்துவர் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதை எப்படிச் சரிசெய்வது? வேலையை நாலாகப் பிரித்தார்கள். நேரம் குறித்தவர்கள் ஏன் வருவதில்லை என்று கண்டுபிடிப்பது மொட்டையின் பங்கு.

அடுத்த கூட்டத்துக்கு மொட்டை வரவில்லை.

(வராதவர்களைப் பற்றி ஆராய வேண்டியவன் வரவில்லை. கற்பனையாக இருந்தால் இப்படி ஒரு பொருத்தத்தை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நடந்தது இதுதான், நான் என்ன செய்ய?)

"அவன் எங்கே? உங்க ஊர்தானே, உங்களுக்குத் தெரியாதா?" என்று கண்ணாடிக்காரி கேட்டாள்.

"தெரியாதே" என்றாள் தங்கை. காலையில் அவள் கிளம்பும்போது போர்வைக்கு அந்தப் பக்கம் அவன் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பத்தான் போனாள். அம்மாவாக இல்லாத ஒருத்தி எப்படி எழுப்புவது என்று திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, சோறு வெந்துகொண்டிருக்கும்போது, நால்வரும் கம்ப்யூட்டரில் சேர்ந்து எழுதும் பொதுக் கோப்பை அவள் திறந்து பார்த்தாள். மூவரின் பக்கங்களும் நிறைந்திருந்தன. மொட்டையின் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளை.

"பார்க்கச் சகிக்கலை அக்கா. நூலகத்துல படிச்சது இருந்துச்சு, உட்கார்ந்து எழுதிட்டேன். அவன் பேரை அப்படியே விட்டுட்டேன்."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா செய்யறேன்னு சொல்லுவான். அப்புறம் செய்ய மாட்டான். இருபது வருஷமா பார்க்கிறேனே."

5

இனி வருவது மொட்டை சொன்னது. தங்கைக்கு இது தெரியாது.

"பெரியம்மா, அன்னைக்கு நான் எந்திரிச்சு கிளினிக்குக்குப் போனேன். அந்த வாரம் முழுக்கப் போனேன்."

"எதுக்கு?"

"ஏன் வரலைன்னு கேட்கத்தான். வராதவங்க அங்க எப்படி இருப்பாங்கன்னு, போய் உட்கார்ந்தப்புறம்தான் உறைச்சுது."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான்.

"அப்புறம் வந்தவங்ககிட்டயே கேட்டேன், நீங்க எப்பவாவது வராம விட்டிருக்கீங்களான்னு. எல்லாரும் விட்டிருக்காங்க. ஒருத்தர், பஸ் ஓட்டுறவர், சொன்னாரு: பயமெல்லாம் இல்ல தம்பி, வெட்கம். ஒரு தடவை போகாம விட்டா, அடுத்த தடவை எந்த முகத்தோட போறதுன்னு இருக்கும். அதனால அதுக்கும் போகலைன்னாரு. எந்தப் புத்தகத்துலயும் இது இல்ல பெரியம்மா. இதை எழுதணும்னு ஆசையா அடுத்த மீட்டிங்குக்குப் போனேன்."

"போனே?"

"திரையில என் பகுதி எழுதி முடிச்சு இருந்துச்சு. என் பேரோட. கண்ணாடி போட்ட பொண்ணு, பரவாயில்லையே, நல்லா எழுதியிருக்கியேன்னு சொன்னா. நான் தேங்க்ஸ் சொன்னேன்."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"என்னன்னு சொல்றது? நீ எழுதினதை அழி, நான் எழுதணும்னா? அவங்க எழுதினது நல்லா இருந்துச்சு. அதுதான் பிரச்சினையே."

"சரி, அதுக்கப்புறம் ஏன் ஒரு கூட்டத்துக்கும் போகலை?"

"தெரியலை" என்றான்.

(அந்தப் பஸ்காரரை இங்கே மறுபடி இழுத்துவர எனக்குக் கை அரிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். அவன் தெரியலை என்றுதான் சொன்னான்.)

அவன் சொன்னது உண்மையா? தோற்றுப்போன பிறகு சொன்னது இது. தோற்றவர்கள் கதை ஜோடிப்பது உண்டு. ஜெயித்தவர்களும் ஜோடிப்பார்கள், அதை யாரும் சோதிப்பதில்லை. நான் அவனை நம்புகிறேன். ஏன் என்று கேட்டால்...

6

வேலை முடிந்ததும் பேராசிரியர் ஒவ்வொருவரையும் தன் அறைக்குத் தனியாகக் கூப்பிட்டு, யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்டார். உள்ளே சொல்வது வெளியே போகாது.

கண்ணாடிக்காரி போய் வந்தாள். நெட்டையன் போய் வந்தான். அப்புறம் தங்கை.

"நூத்துக்கு எவ்வளவு அவனோட பங்குன்னு கேட்டார்" என்றாள் என்னிடம். "சைபர்னு சொல்லிட்டேன்."

"என்னடி சொல்றே? சைபரா?"

"அவன் பகுதியை எழுதினதே நான். வேற என்னன்னு சொல்லச் சொல்றே?"

"அவன் என் மகன்னு சொன்னியா?"

"அவர் அதைக் கேட்கலை." பிறகு அவளே தொடர்ந்தாள். "அக்கா, ஆபீஸ்ல எத்தனை பேர் வேலையை நான் செஞ்சு கொடுத்திருப்பேன். ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. முதல் தடவை திறந்தது இவன் விஷயத்துலயா? இது அவனுக்குத் தெரிய வேண்டாம்."

கடைசியாக மொட்டை போனான். அவனிடம் பேராசிரியர் சொன்னாராம்: குழுவில் ஒருவர் மட்டும் உங்களைப் பற்றி மிக நல்ல விதமாகச் சொன்னார், ஆனாலும் அது போதாது.

"அது யாருன்னு நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"இதுல நினைக்க என்ன இருக்கு? அம்மாதான்."

"நெட்டையனா இருக்கலாமே?"

"சும்மா இருங்க பெரியம்மா. எனக்குத் தெரியாதா?"

தங்கை என்னிடம் பொய் சொல்லியிருப்பாளோ என்றும் யோசித்தேன். உள்ளே மகனுக்காகப் பேசிவிட்டு, அதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு சைபர் என்றாளோ? இல்லை, நெட்டையன்தானோ? ஒரு நாள் சைபரை நம்புகிறேன், மறுநாள் நெட்டையனைச் சந்தேகிக்கிறேன். அறைக்குள் போய்ப் பார்க்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு என்பார்கள். நான் கதவுவரை போய்த் திரும்பிவிட்டேன்.

முடிவு வந்தது. தங்கை தேறினாள். மொட்டை அந்த ஒரு பாடத்தில் தவறினான். இன்னொரு பருவம் இருந்து, புதுக் குழுவோடு அதை மறுபடி செய்ய வேண்டும்.

7

பட்டமளிப்பு விழாவுக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: தங்கையின் பெயரைப் படிக்கிறார்கள். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று "அம்மா!" என்று கத்துகிறான். கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. கண்ணாடிக்காரி துடைப்பதை நிறுத்துகிறாள். எழுதும்போது எனக்கே கைக்குட்டை தேவைப்பட்டது. அதனாலேயே சந்தேகம் வந்து எடுத்துவிட்டேன்.

இரண்டு: அவன் வரவே இல்லை. இதை எழுத நாலு வரிக்குமேல் மனசு வரவில்லை.

நடந்தது இரண்டும் இல்லை. மொட்டை வந்தான். தங்கை இஸ்திரி போட்டுக்கொடுத்த சட்டையில் வந்து பின்னால் உட்கார்ந்தான். பெரியவர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். தங்கையின் வரிசை எழுந்து மேடைப் பக்கம் நகரத் தொடங்கியபோது அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவள் மேடையில் நின்று பார்த்தது காலி நாற்காலியை.

அன்றைக்கே என்னைக் கூப்பிட்டாள். "கோபத்துல போயிட்டானா அக்கா? சைபர் விஷயம் தெரிஞ்சுடுச்சோ?"

அவனிடம் கேட்டேன்.

"மீட்டிங் இருந்துச்சு பெரியம்மா. புது குரூப். முதல் மீட்டிங்."

"இன்னும் பத்து நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா?"

"இருந்திருக்கலாம்" என்றான். "இருந்திருந்தா லேட்டாயிருக்கும்."

"அம்மா தேடினாடா."

"அம்மா எழுதறதுக்கு முன்னாடி போய் உட்காரணும்னு தோணிடுச்சு போல" என்றான். உடனே, "இந்தக் குரூப்ல அம்மா இல்லைதான். இருந்தாலும்" என்றான்.

தங்கைக்கு அந்த மீட்டிங்கை மட்டும் சொன்னேன். கோபிப்பாள் என்று பார்த்தேன்.

"முதல் மீட்டிங்கா?" என்றாள். "நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தானாமா?"

8

நான் எழுதிவிட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. (எப்படி என்று கேட்காதீர்கள். குடும்பம்.)

மொட்டை கூப்பிட்டான். "கிளினிக் போனதை மட்டும் எடுத்துடுங்க பெரியம்மா. அம்மா படிச்சா, என் வேலை மேல அவங்க எழுதிட்டதா நினைச்சு உடைஞ்சு போயிடுவாங்க." தங்கை ஒரு வரி அனுப்பினாள்: "சைபரை எடுத்துடு."

ஐந்தாம் பகுதியை எடுத்தால் தங்கை நிம்மதியாக இருப்பாள். ஆனால் தன் மகன் ஒரு வாரம் முழுக்க எங்கே இருந்தான் என்று சாகும்வரை அவளுக்குத் தெரியாது. ஆறை எடுத்தால், உலகத்தில் ஒருத்தியாவது எனக்காகப் பேசினாள் என்று மொட்டை தொடர்ந்து நம்பலாம். ஒருவேளை அது உண்மையாகவும் இருக்கலாம். இரண்டையும் எடுத்தால் மிஞ்சுவது: அம்மாவும் மகனும் வெளிநாடு போய்ப் படித்தார்கள், ஒருத்தி தேறினாள், ஒருவனுக்கு ஒரு பாடம் பாக்கி. அது கதை இல்லை. கல்யாண வீட்டில் யாராவது விசாரித்தால் சொல்லும் பதில்.

ஒரு வருட விடுப்பு முடிந்து தங்கை அடுத்த வாரம் வருகிறாள். கம்பெனியில் மேலாளர் நாற்காலி மறுபடி காலியாகியிருக்கிறதாம். விமானநிலையத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்து, இதைப் படித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாளாம். அவளுக்கு ஒரு பிரதி, மொட்டைக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாக எடுத்து வைக்க உட்கார்ந்தேன். அவள் பிரதியில் ஐந்தை நீக்கினேன். மறுபடி சேர்த்தேன். இப்போது இருக்கிறதா இல்லையா என்று நானே எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

இதை முழுதாக வைத்திருப்பது இந்த நிமிடத்தில் நானும் நீங்களும்தான். அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டும்போது, எந்தப் பிரதியைக் கொடுப்பது? நீங்களே சொல்லுங்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.