பூஜ்யம் காட்டாத திரை

மன்னார்குடிப் பக்கத்து அந்த அரிசி ஆலைக்குள் சாஃப்ட்வேர் நுழைந்ததே அங்கே கணக்கு பார்க்கும் கவிப்ரியாவால்தான். நெல் வந்தது, அரிசி போனது, குடோனில் இருப்பது எல்லாம் ஒரே திரையில் தெரியும். வாங்குகிறவர்கள் போனிலேயே இருப்பைப் பார்த்து ஆர்டர் போடலாம். பயிற்சி கொடுக்க வந்தவன் கிளம்பும்போது, "மொதலாளி மனசு வச்சாத்தான் இது ஓடும் மேடம்" என்றான்.

முதலாளி பரணிதரன் மனசு வைத்தார். வைத்த லட்சணம் இது.

"என்னம்மா, சீரக சம்பாவுக்கு நேரா பூஜ்யம்?"

"தீந்துபோச்சு சார்."

"வீட்டுலயே அரிசி தீந்தா நெறைஞ்சிருக்குன்னுதான சொல்லுவோம்? மகாலட்சுமி இருக்குற எடம். எது தீந்தாலும் பத்து சிப்பம் காட்டட்டும்."

"வாங்குறவங்களும் இதத்தான் சார் பாக்குறாங்க."

"பாக்கட்டுமே."

குடோன் நிறைய எலிப்புழுக்கை. ஆனால் மகாலட்சுமி மேல் இந்த மனிதருக்கு அப்படி ஒரு கரிசனம். வேறு வழியில்லாமல் பத்து மூட்டை என்று போட்டாள்.

கூத்தாநல்லூரில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் ஹஃப்ஸா அந்தப் பத்தைப் பார்த்து, பத்தையும் கேட்டுவிட்டார். "ஸ்கிரீன்ல இருந்தா குடோன்ல இருக்கும்க்கா" என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவளே கவிப்ரியாதான். பிரியாணி ஒரு பந்தியில் சொதப்பினால் போதும், அப்புறம் ஹஃப்ஸாவை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

பரணிதரனிடம் ஓடினாள். அவர் சிரித்தார். "பாத்தியா, பத்துன்னு போட்டோம், பத்தும் வித்துருச்சு."

"இல்லாத அரிசிய எப்படி சார் அனுப்புறது?"

"அத நான் பாத்துக்குறேன்."

மத்தியானம் குடோனுக்குப் போனவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். மழைத் தண்ணீர் ஏறி மக்கிய பழைய சம்பாவும், தரையில் கூட்டி அள்ளியதும் ஒரே குவியலாகக் கிடந்தன. வண்டு ஊர்ந்தது. பரணிதரன் பக்கத்தில் நின்று அதைத் தீட்டச் சொல்லி, வாசனைக்கு எதையோ தெளிக்க வைத்துக்கொண்டிருந்தார். சீ, நாற்றத்தைவிட அந்த வாசனைதான் சகிக்கவில்லை. இதை மனுஷர் வாயில் போடப்போகிறார்களே!

திரும்பி வந்தபோது போன் அடித்தது. "கவி, ஒன்ன நம்பித்தான் வேற எங்கயும் சொல்லி வைக்கல" என்றார் ஹஃப்ஸா.

"இப்ப பில் வரும்க்கா. ஒரு வரி விடாம படிச்சுப் பாருங்க."

சீரக சம்பாவுக்கு நேரே பூஜ்யம் போட்டாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு சரக்கைச் சேர்த்தாள்: 'தரையில் கூட்டிய மக்கிய அரிசி, பத்து சிப்பம்.' அந்தப் பெயரிலேயே பில் போட்டாள். பில் தானாக ஹஃப்ஸாவின் போனுக்குப் போனது.

சற்று நேரத்தில் பரணிதரன் தவிட்டுக் கையோடு வேகமாக வந்தார். காதில் வைத்திருந்த போனில் ஹஃப்ஸா ஆர்டரும் வேண்டாம், உங்கள் சகவாசமும் வேண்டாம் என்று கத்துவது கவிப்ரியாவுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டுத் திரையைப் படித்தார். மக்கிய அரிசி என்ற வரியை அவர் விரல் தாண்டிப் போய், சீரக சம்பாவுக்கு நேரே வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா, பூஜ்யத்த யாரு போட்டது?" என்றார்.