ஊதா வயிற்றுப் பொய்யிரை

ஜூன் மாத வெயிலில் எங்கள் ஏரியின் பாஸ் மீன்கள் கரையோரத்தை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். எங்கே போய்ச் சேர்கின்றன என்பதில்தான் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். லனெல் பிரிட்சட் கதை எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இடம் தெரிந்திருந்தது.

லனெல் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கோடை விடுமுறை வந்தால் வெயில் சுடாமலிருக்க முகத்தில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டு ஏரியிலேயே கிடப்பாள். படகு அவளுடையதல்ல. டயர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற ஹார்லன் சாலிஸின் படகு அது. இருவரும் பல வருடங்களாகப் போட்டிகளில் ஜோடி. அவன் படகைச் செலுத்துவான், அவள் மீனைத் தேடுவாள். அலபாமாவின் இந்த மூலையில் அந்த ஜோடியைத் தெரியாதவர்கள் இல்லை.

அணை கட்டியபோது மூழ்கிப்போன பழைய சாலை ஒன்று ஏரிக்கு நடுவில், தண்ணீருக்கடியில் கிடக்கிறது. சாலை ஓடையைத் தாண்டிய இடத்தில் ஒரு சிறு பாலம் இடிந்து கற்குவியலாகிவிட்டது. போன கோடையில், தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் சோனார் திரையில் அந்தக் குவியலையும் அதன்மேல் அடையடையாக நின்ற மீன்களையும் முதலில் பார்த்தவள் லனெல்தான். ஆனால் அவை எதையும் கடிக்கவில்லை. ரப்பர்ப் புழுவை இறக்கினாள், கரண்டி வடிவ ஈய இரையை இறக்கினாள். மீன்கள் கொஞ்சம் விலகி வழிவிட்டன, அவ்வளவுதான். குட்டி மீன் போலச் செய்த, ஆழத்துக்குப் பாயும் பருத்த பொய்யிரையைப் போட்டபோது மட்டும் ஒன்றிரண்டு தொட்டுப் பார்த்தன. விறைப்பான கார்பன் தூண்டில் கோலில் அவள் சுண்டி இழுத்ததும் தூண்டில் முள் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

"விடு தாயே, அதுங்க டயட்ல இருக்கு," என்றான் ஹார்லன்.

அவள் விடவில்லை. கண்ணாடியிழையில் செய்த நீளமான, இளகிய கோல் ஒன்றை வாங்கினாள். மீன் கவ்வும்போது அது வளைந்து கொடுக்கும், பிடுங்காது. வேகமாகச் சுற்றும் ரீலைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை எத்தனை வேகமாகச் சுற்றினாலும் நிதானமாகவே தூண்டில் நரம்பை இழுக்கும் ரீலை மாட்டினாள். தடித்த நரம்பு இரையை மேலே தூக்கிப் பிடிக்கிறது என்று மெல்லியதைக் கோத்தாள். கடையில் வாங்கிய இரையின் வயிற்றில், இரண்டு நகப்பூச்சுகளைக் கலந்து ஒரு மங்கிய ஊதா நிறத்தைப் பூசினாள். இரை கல்லில் இடிக்கும் நொடியில் சுற்றுவதை நிறுத்தினால் அது சற்றே மேலே மிதக்கும். அப்போதுதான் மீன் கவ்வுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அந்தக் கோடை முழுவதும் போயிற்று. முதல் பெரிய மீன் வலைக்குள் வந்தபோது இருவரும் படகு ஆடும்படி குதித்தார்கள். வெளியே மூச்சு விடுவதில்லை, அடுத்த ஜூன் போட்டிக்கு வைத்துக்கொள்வோம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்கள்.

அந்த இளகிய கோலைப் படகுத்துறையில் பார்த்துவிட்டு டாசன் க்ரீல் ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறான். சட்டை முழுக்க, தனக்குப் பணம் தரும் கம்பெனிகளின் பெயர்களோடு திரியும் இளைஞன். வருகிற வருடங்களில் பெரிய ஆளாவான் என்று எல்லோரும் சொன்னார்கள். "மிஸ் லனெல், அது தூண்டில் கோலா, வெந்து போன நூடுல்ஸா? அதுல மீன் புடிக்கணும்னா மீனே பாவப்பட்டு ஏறி வரணும்." லனெலும் சேர்ந்து சிரித்தாள்.

போட்டி நாள் காலை. ஹார்லன் வழக்கத்துக்கு மாறாக மெதுவாகவே படகைச் செலுத்தினான். தண்ணீர் சரியில்லை, மோட்டார் சரியில்லை என்று ஏதேதோ சொன்னான். பழைய சாலைக்கு மேலே அவர்கள் வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு படகு நின்றது.

"யாரு அது?"

"டாசன் மாதிரி தெரியுது," என்றான் ஹார்லன். "தற்செயலா வந்திருப்பான். ஏரியை என்ன நமக்குப் பட்டா போட்டா குடுத்திருக்காங்க?"

டாசன் கையை ஆட்டினான். "மன்னிச்சுக்கோங்க மிஸ் லனெல்! இன்னைக்கு நான் முந்திட்டேன்!"

போட்டியில் முதலில் வந்து நின்றவனுக்கே இடம். அந்த வழக்கத்தை லனெல் ஒருபோதும் மீறியதில்லை. இடத்தை யார் வேண்டுமானாலும் தற்செயலாகக் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். பிறகு டாசனின் கையைப் பார்த்தாள். அவன் பிடித்திருந்தது நீளமான, இளகிய கண்ணாடியிழைக் கோல். நிதானமாகச் சுற்றினான். ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினான். கோல் வில்லாக வளைந்தது. அவன் சுண்டவில்லை, வளைய விட்டான். மேலே வந்த பெரிய மீனின் கடைவாயில் ஒரு பொய்யிரை தொங்கியது. அதன் வயிறு ஊதா.

அவள் ஹார்லன் பக்கம் திரும்பினாள்.

"ஹார்லன், போன மாசம் நீ தனியா வந்தப்ப என் இரை ஒண்ணு கல்லுல சிக்கி அறுந்து போச்சுன்னியே. அது எங்க அறுந்துச்சு?"

"இங்கதான் எங்கேயோ."

"அது இப்ப டாசனோட மீன் வாயில இருக்கு."

"அடியில கெடந்ததை இழுத்து எடுத்திருப்பான்."

"கோலையும் அடியில இருந்துதான் எடுத்தானா? அந்த ரீலையும்?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டான். மோட்டாரைக் கிளப்பினான்.

ஒரு படகில் இருவருக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கும்? முழு நாளையும் அந்த இடத்துக்குள்தான் கழித்தார்கள். லனெல் முன்பக்கம் நின்று, முதுகைக் காட்டியபடியே தூண்டில் வீசினாள். படகுத்துறைகளின் நிழலில் ரப்பர்ப் புழுவைப் போட்டாள், பாசிக்கு மேல் ரப்பர்த் தவளையைக் குதிக்க விட்டாள். கிடைத்ததெல்லாம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய மீன்கள். ஹார்லன் மட்டும் பேசிக்கொண்டே வந்தான். வெயிலைப் பற்றி, பேத்தியின் பேஸ்பால் பற்றி. நடுவில் சாண்ட்விச்சைப் பிரித்து நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் உண்மையைச் சொல்லிவிட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். ரகசியத்தைத்தானே சொன்னான், வாய் தவறியிருக்கலாம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிப் பார்த்தாள்.

மாலையில் எடை போடும் மேடையில் டாசன் வென்றான். எப்படிப் பிடித்தாய் என்று மைக்கை நீட்டினார்கள். டாசன் நல்ல பையன், எதையும் மறைக்கவில்லை.

"உண்மையைச் சொல்லிடுறேன். இது என் மூளை இல்ல. எல்லாம் நம்ம ஹார்லன் சாரோடது. போன கோடை பூரா ஒரே இடத்துல நின்னு, எந்தக் கோலு, எந்த ரீலு, எந்த இரைன்னு ஒண்ணொண்ணா மாத்திப் பாத்துக் கண்டுபிடிச்சவரு அவருதான். எனக்குப் பாடம் எடுத்தாரு. பாவம், மிஸ் லனெலைப் படகுல வச்சுக்கிட்டே இவ்வளவும் செஞ்சிருக்காரு!"

கூட்டம் சிரித்தது. கைதட்டல் ஹார்லன் பக்கம் திரும்பியது. லனெலும் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று தலையசைப்பான், குறைந்தபட்சம் தரையையாவது பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். ஹார்லன் தொப்பியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினான். அவன் முகம் மலர்ந்திருந்தது. பேத்தி பிறந்த அன்றைக்குத்தான் அந்த முகத்தை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள்.

அவள் மேடைக்குப் போகவில்லை. தண்ணீர் சொட்ட இழுவண்டியில் நின்ற படகில் ஏறி, தன் கோல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் வண்டியில் வைத்தாள். ஹார்லன் பின்னால் வந்து நின்றான்.

"லனெல், அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டான்."

"நீ குறைச்சுச் சொல்லியிருக்கலாமே. மைக் பக்கத்துலதான் இருந்துச்சு."

"உனக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷமா மீன் எங்க இருக்குன்னு எல்லாரும் உன்னைத்தான் கேக்குறாங்க. நான் யாரு? படகு ஓட்டுறவன். டாசன் என்னைக் காபிக்குக் கூப்பிட்டு, 'நீங்க என்ன நினைக்கிறீங்க சார்'னு கேட்டான். ஆலையை விட்டு வந்ததுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

"நான் தினமும் கேட்டேனே ஹார்லன். இப்படிப் போடலாமா, அப்படிப் போடலாமான்னு. நீதான் 'உன் இஷ்டம்'னு சொல்லுவ."

அவன் படகின் விளிம்பில் கையை ஊன்றினான். பிறகு, "இலையுதிர்காலத்துப் போட்டிக்கு அவன் படகுல வரச் சொல்லியிருக்கான்," என்றான்.

"போ. நல்லா போ. அங்க போயும் இதையே சொல்லு. வேற சொல்ல உங்கிட்ட ஒண்ணும் இல்ல."

வீட்டுக்கு வந்து கார் நிறுத்தும் கொட்டகையில் தனியாக உட்கார்ந்தபோதுதான் அழுதாள். இடம் போனதற்காக இல்லை. அந்த முதல் மீன் வலைக்குள் வந்தபோது அவனும் குதித்தானே, அது யாருக்காகக் குதித்தது என்று இப்போது சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஹார்லன் டாசனோடு இரண்டு போட்டிகளுக்குப் போனான். மூன்றாவதுக்கு டாசன் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டான். ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து, அவித்த வேர்க்கடலைப் பையோடு ஹார்லன் அவள் வாசலில் வந்து நின்றான். அவள் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை. "ஊர்ல சொல்லிட்டியா, அது யாரு கண்டுபிடிச்சதுன்னு?" என்று கேட்டாள். "சொல்லுறேன்," என்றான். இன்றுவரை அவன் சொன்னதாக யாரும் கேட்டதில்லை.

அடுத்த வசந்தத்தில் லனெல் புது ஜோடி சேர்ந்தாள். பெயர் வெர்னா ஓட்ஸ், பள்ளி உணவகத்தில் சமைப்பவள். வாய் ஓயாத, வஞ்சகம் இல்லாத மனுஷி. சொந்தமாகச் சின்ன அலுமினியப் படகு வைத்திருந்தாள். போட்டிக்கு முந்திய வாரம் லனெல் தனியாகக் கிழக்குக் கால்வாயின் முகத்துவாரத்தில் ஒரு புது இடத்தைக் கண்டுபிடித்தாள். இரை எந்த எடை, எந்த நிறம் என்பதுவரை சரியாக அமைந்துவிட்டது.

மறுநாள் வெர்னா, பன் போல மெத்தென்றிருந்த பிஸ்கட்டைக் கிழித்துக் குழம்பில் தோய்த்தபடி கேட்டாள். "கிழக்கால போனியே, ஏதாச்சும் மாட்டுச்சா?"

லனெல் காபிக் கோப்பையை எடுத்தாள். "ஒண்ணுமில்ல வெர்னா," என்றாள். "அந்தப் பக்கம் சும்மா வெறுந்தண்ணி."

"சரி விடு, வேற பக்கம் தேடுவோம்," என்று வெர்னா அவள் தட்டிலும் ஒரு பிஸ்கட் எடுத்து வைத்தாள்.