கோவளத்தில் பால் வாங்கப் போன சரசா

ஆவடி சேக்காட்டில் இருக்கும்வரை சரசா கடைக்குப் போனதே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பாலும் பருப்பும் புளியும் கணவர் ரவிச்சந்திரனின் ஸ்கூட்டரில்தான் வீட்டுக்கு வரும். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் ரோஷினி, கோவளத்தில் கடலோரமாகச் சமையலறையோடு ஒரு வீடு பிடித்து, நான்கு நாள் தங்கிவிட்டு வரும்படி இருவரையும் அனுப்பிவைத்தாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை டிக்காஷன் இறங்கிவிட்டது, பால் இல்லை. ரவிச்சந்திரன் நல்ல தூக்கத்தில் இருந்தார். சரசா துணிப்பையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினாள். கடை மாதா கோயிலுக்குப் பக்கத்தில் என்று வீட்டை வாடகைக்கு விட்டவர் முந்தின நாளே சொல்லியிருந்தார். சாலையில் போவதற்குப் பதில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் இறங்கினாள். தனியாக நடக்கிறோம் என்பதே அவளுக்குச் சிரிப்பாக வந்தது.

கொஞ்ச தூரத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள்ளிருந்து இரண்டு கயிறுகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர். சரசா நின்று பார்த்தாள். கயிற்றின் கடைசியில் இருந்த பெண் திரும்பினாள். அவள் பெயர் வேம்புலியம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாக்கா, வேடிக்கை பாத்துகினு கீறே? ரெண்டாள் கொறையுது. வந்து புடி."

சரசா பையையும் செருப்பையும் மணலில் போட்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். ஈரக்கயிறு உள்ளங்கையை அறுத்தது. எல்லோரும் ஒரே மூச்சில் பின்னால் அடி வைக்க, அவளும் வைத்தாள். அரை மணி நேரம் போனது தெரியவில்லை. வலையின் கடைசியில் மீன் சேரும் மடி கரையேறியபோது உள்ளே நெத்திலி வெள்ளியாகத் துள்ளியது. யாரோ கத்தினார்கள், தானும் கத்துகிறோம் என்பது சரசாவுக்குச் சற்றுப் பிறகுதான் புரிந்தது.

வேம்புலியம்மாள் ஒரு கவருக்குள் மீனை அள்ளிப் போட்டு, "ஒன் பங்குக்கா" என்று நீட்டினாள்.

கடையில் சரசா பாலோடு நிற்கவில்லை. புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வாங்கினாள். எதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு, ஒவ்வொன்றையும் தானே எடுத்தாள்.

வெளியே வந்தால் ரவிச்சந்திரன் வேர்த்துக் கொட்ட வேகமாக வந்துகொண்டிருந்தார். போனைக்கூட எடுக்காமல் போய்விட்டாளே என்று சாலையெல்லாம் தேடியிருக்கிறார். அவர் திட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, சரசா பையைத் திறந்து காட்டினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"வலைய நீயா இஸ்த்த?"

பதிலுக்கு அவள் இரண்டு கைகளையும் விரித்தாள். சிவந்து கன்றிப்போயிருந்த உள்ளங்கைகளை அவர் பிடித்துப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"நாளைக்கு எத்தினி மணிக்கு வலை போடுவாங்களாம்?"

அதைக் கேட்க மறந்துவிட்டதாகச் சரசா சொன்னாள். இருவரும் வீட்டுப் பக்கம் போகாமல், வேம்புலியம்மாளைத் தேடி மணலில் இறங்கி நடந்தார்கள்.