கடுகு சாரின் மானிட்டர்

பேருந்து நிறுவனத்தின் கால அட்டவணைப் பிரிவில் ஐந்து மேஜைகள், ஒரு தண்ணீர் கேன், கூரை வரை எட்டாத ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர். இந்தப் பக்கத்து ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கடுகு. சூடான எண்ணெயில் விழுந்த கடுகு எந்த நொடியில் வெடிக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? லீவு கேட்கப் போனாலும் வெடிப்பார், பேனா கேட்கப் போனாலும் வெடிப்பார். ஒருமுறை முதல் மேஜை ஒல்லி தன் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். போன வேகத்தில் கேக்கோடு வெளியே வந்தான்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் மூன்றாவது மேஜைக்காரி. ஓட்டுநர்களின் பணிப்பட்டியல் போடுவது அவள் வேலை. காது படு கூர்மை. படிக்கட்டில் வருவது யார் என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். பக்கத்து அறையில் யாராவது மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தால் இங்கிருந்தே கையை நீட்டுவாள். அதனால் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள். உள்ளுக்குள் பெருமைதான்.

மேலாளர் மேஜையில் இருந்தது பழங்காலத்து மானிட்டர். பின்னால் பானை வயிறு, தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்ற எல்லாருக்கும் தட்டையான புதிய மானிட்டர் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவர் மட்டும் இது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட மறுத்துவிட்டார். காலையில் பொத்தானை அமுக்கியதும் அது 'டொய்ங்' என்று ஒரு முறை அதிரும். அப்புறம் நாள் முழுக்க ஏதாவது ஒரு சத்தம். கணினி பழுது பார்க்க வருகிறவரிடம் கேட்டதற்கு அவர் கையை விரித்தார்.

"பழசுன்னா அப்படித்தான் மேடம். ஏன் கத்துதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது. ஆனா வெடிக்காது, பயப்படாதீங்க."

வெடிக்கிறது மானிட்டர் இல்லை என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது.

பாம்புக்காது மட்டும் அந்தச் சத்தங்களைச் சும்மா விடவில்லை. திரையில் இருக்கும் படத்துக்குத் தகுந்தபடி சத்தம் மாறுகிறது என்று ஒரே வாரத்தில் பிடித்துவிட்டாள். கால அட்டவணைக் கட்டங்கள் திரை நிறைய இருந்தால் ஊசி மாதிரி மெல்லிய 'கீ...' கேட்கும். அது அவளுக்கு மட்டும்தான் கேட்கும். சில நேரம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து கீ நின்றுபோகும். அடிவயிற்றிலிருந்து 'ம்ம்ம்' என்று முனகல் தொடங்கும். அப்படி முனகும்போது ஒரு நாள் கோப்போடு உள்ளே நுழைந்தவள் பார்த்தேவிட்டாள். திரை முழுக்கச் சீட்டுக்கட்டு. மேலாளர் ஆட்டத்தில் இருந்தார்.

அன்றைக்கே சட்டம் போட்டாயிற்று. கீ என்றால் வேலையில் மும்முரம், அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே. ம்ம்ம் என்றால் ஜாலியாக விளையாடுகிறார், கேட்க வேண்டியதைப் போய்க் கேள். மூன்று வருடமாக அந்த ஐந்து மேஜைகளும் இந்தச் சட்டப்படிதான் நடந்தன. யாருக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்றாலும் முதலில் அவளிடம் வந்து குனிவார்கள். "இப்ப என்ன பாடுது?" என்பார்கள். அவளும் ஜோசியக்காரி மாதிரி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, போ, போகாதே என்று சொல்லுவாள்.

சரி, ம்ம்ம் நேரத்தில் போனவர்களுக்கு எல்லாம் கிடைத்ததா? எங்கே. கேக் திரும்பி வந்ததும் ம்ம்ம் நேரத்தில்தான். ஆனால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். விளையாடும்போதே இந்த மனுஷன் இப்படிக் கடிக்கிறார் என்றால், வேலை பார்க்கும்போது போனால் என்ன கதி என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பெருமூச்சு விட்டார்கள்.

பாம்புக்காதுக்கு அவரிடம் சொந்தக் காரியம் ஒன்று இருந்தது. அவள் கணவர் இதே நிறுவனத்தில் ஓட்டுநர், தொலைதூர இரவு வண்டி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அவள் வீடு திரும்பும்போது ஆறு. காலையில் அவர் வீட்டுக்கு வரும்போது எட்டரை. அவள் எட்டுக்கே கிளம்பிவிடுவாள். அவருக்கு வார விடுமுறை செவ்வாய், அன்றைக்கும் ஆள் இல்லை என்று வண்டிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளுக்கு ஞாயிறு, அன்று அவருக்கு இரட்டை டியூட்டி, பகலிலும் வண்டியில்தான். ஒரே வீடு, ஒரே கட்டில், ஒரே சாவிக் கொத்து, ஆனால் ஆள் மாற்றி ஆள். போன் இல்லையா என்று கேட்பீர்கள். இவள் ஓய்வாக இருக்கும்போது அவர் கையில் ஸ்டீயரிங், அவர் ஓய்வாக இருக்கும்போது தூக்கம். எடுத்தாலும் இரண்டு வார்த்தைக்குள் நடத்துநர் விசில் அடித்துவிடுவார்.

ஆகவே குடும்பம் நடந்ததெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில்தான். 'கேஸ் தீரப் போகுது.' 'பக்கத்து வீட்டுல ஏணி கேட்டாங்க, குடுத்துட்டேன்.' 'நீலச் சட்டைக்கு பட்டன் தைச்சாச்சு.' போன வாரம் வந்த சீட்டை மட்டும் அவள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். 'உன் குரல் எப்படி இருக்கும்னு வண்டி ஓட்டிக்கிட்டே யோசிச்சேன். சட்டுன்னு ஞாபகம் வரல.' அதைப் படித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அவர் குரலை அவளும் நினைத்துப் பார்த்தாள். போனில் வரும் கரகரப்புதான் ஞாபகம் வந்தது. இத்தனை கூர்மையான காதை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பகல் வண்டிக்கு மாற்றச் சொல்லி மேலாளரிடம் இரண்டு முறை கேட்டாயிற்று. இரண்டு முறையும் ம்ம்ம் நேரமாகப் பார்த்துத்தான் போனாள். முதல் தடவை, "உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ராத்திரி ஓட்டுறாரா?" என்றார். இரண்டாவது தடவை மனுவை வாங்கவே இல்லை. கதவைக் காட்டினார்.

இப்போது பதினான்காம் எண் பகல் வண்டியின் ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு யார் என்று முடிவாகி, பட்டியல் இன்று நான்கு மணிக்குப் பணிமனைக்குப் போக வேண்டும். மேலாளர் கையெழுத்துப் போட்டால் கணவர் பெயர். போடாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள் பெயர். பட்டியலை அடிப்பதே இவள்தான், அந்த ஒரு கட்டம் மட்டும் காலியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை விட்டால் இன்னும் இரண்டு வருடத்துக்குப் பகல் வண்டி எதுவும் காலியாகாது.

காலை ஒன்பதிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீ... பத்து மணிக்கும் கீ. சாப்பாட்டு நேரத்திலும் கீ. மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. மூன்று அடித்தது, அப்போதும் கீதான். 

"டக் கேக்குதா?" என்று ஒல்லி வந்து நின்றான்.

"இல்ல. தொண்டத்தண்ணி வத்தாம கீன்னு கத்திக்கிட்டே இருக்கு."

அடுத்த மேஜை அக்கா, தபால் பார்ப்பவள், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள். "எதுக்கும் நாலு வரைக்கும் பாரு. கீன்னு கத்தும்போது உள்ள போனவங்க முழுசா திரும்பி வந்ததில்லடி."

"யாருக்கா போனாங்க?"

அக்கா யோசித்தாள். ஒல்லியைப் பார்த்தாள். ஒல்லி தண்ணீர் கேனைப் பார்த்தான்.

"யாரும் போனதில்லையே," என்றாள் அக்கா.

மணி மூன்றே முக்கால். பாம்புக்காது பையைத் திறந்தாள். மனுவை எடுக்கும்போது அந்தச் சீட்டும் கையோடு வந்தது. அதை மடித்து உள்ளே போட்டுவிட்டு எழுந்தாள். பத்தடிதான் தூரம், போய்க் கதவைத் தட்டினாள். 

மேலாளர் தலையைத் தூக்கினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு, அங்கே வாயெல்லாம் பல்.

"வாங்க வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க. இங்க பாருங்க." மானிட்டரை அவள் பக்கம் திருப்பப் பார்த்தார். அது அசையவில்லை. அவளையே சுற்றி வரச் சொன்னார். "முப்பத்தெட்டு வண்டி. ஒரு வண்டிகூட எங்கயும் சும்மா நிக்கல. இந்த ஒரு எடத்துல பதினோரு மாசமா முட்டிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு காலையில பிடி கெடச்சுது, சாப்பிடக்கூட எழுந்திருக்கல."

கட்டங்களைப் பார்த்தாள். தொழில் தெரிந்தவள் அல்லவா, ஒரே பார்வையில் புரிந்தது. ஒரு வண்டி வந்து நிற்க, இன்னொன்று அதே நிமிடத்தில் கிளம்ப, அத்தனையும் கோத்து வைத்த மணி மாதிரி இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு சார்," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

அந்தச் சூட்டோடு மனுவை நீட்டினாள். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"மூணு வருஷமா எதிரும் புதிருமா ஓடுறீங்களா? இத ஏன் முன்னாடியே கேக்கல?"

"ரெண்டு தடவ கேட்டேன் சார்."

"எப்ப?"

"நீங்க... கொஞ்சம் ஓய்வா இருந்தப்ப."

"நான் எப்பம்மா ஓய்வா இருந்தேன்?"

வேறு வழியில்லை. சீட்டாடும்போது என்று மென்று விழுங்கினாள். மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது விளையாட்டு இல்லம்மா, மருந்து. கோபம் தலைக்கு ஏறினா யார்கிட்டயும் பேசாதீங்க, தனியா ஒக்காந்து சீட்டு போடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். சரியா அந்த நேரம் பாத்து கதவத் தட்டுறீங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர், மூணு வருஷமா. நானே கேக்கணும்னு இருந்தேன், உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியுது?"

 மானிட்டர் பாடுவதை வைத்துத்தான் என்று அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். மேலாளர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு போய் மானிட்டரின் பானை வயிற்றில் காதை வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"இப்ப கீன்னு பாடுது சார்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"உள்ள வராதீங்கன்னு அர்த்தம் சார்."

அவர் சிரித்தார். தொப்பை குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தடுப்புக்கு வெளியே யாரும் அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை. அவர் அடிக்கிறாரோ என்று ஒல்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டானாம். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனுவில் கையெழுத்துப் போட்டார்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பட்டியல் பணிமனைக்குப் போனது. அதன் பிறகு உட்கார்ந்து நான்கு பேரிடமும் அசடு வழிய உண்மையைச் சொன்னாள். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி கல்யாணத்துக்கு அரை நாள்தான்டி லீவு கெடச்சுது. நான் போய்ச் சேரும்போது பந்தலப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் இந்தக் காதால." அவள் காதைப் பிடித்துத் திருகினாள், வலிக்காமல். "இப்ப என்ன பாடுது, சொல்லு."

"இன்னும் கீதான்."

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு லீவுத் தாளைத் தேட ஆரம்பித்தாள். ஒல்லி அதற்குள் கதவருகே போய்விட்டான்.

அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் அவள் ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. கணவர் குளித்துவிட்டு நீலச் சட்டையில் நின்றிருந்தார். இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள். யார் முதலில் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவள் சமைத்தாள், அவர் தட்டுகளைக் கழுவி வைத்தார். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு வாய் சாப்பிட்டவர் பழக்க தோஷத்தில் ஃபிரிட்ஜ் மேலிருந்த பென்சிலை எட்டி எடுத்து, ஒரு சீட்டில் எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

'உப்பு கம்மி.'

அவள் படித்தாள். பென்சிலை வாங்கிச் சீட்டைத் திருப்பி எழுதினாள். 'வாயத் திறந்து சொல்லுங்க.'

அவர் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"உப்பு கம்மி."

போனில் வருவது போல் இல்லை. அதைவிடத் தணிவு, கடைசியில் லேசாக ஓர் இழுவை. அந்த இழுவையைக் கல்யாணமான புதிதில் அவள் கேலி செய்திருக்கிறாள், அது எப்படியோ மறந்தே போயிருந்தது. பாம்புக்காது சாப்பாட்டுக் கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள்.